நாலு பேருக்கு அஞ்சு மாத்திரை

அந்தப் பையைக் காலால் தள்ளாதீர்கள் தம்பி. உள்ளே கண்ணாடி பாட்டில் இருக்கிறது. இப்படிக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். ஊறுகாய் இல்லை, மருந்து. வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்துப் பிடித்த உருண்டை. எண்பத்து நாலு இருக்கிறது. நாலு பேருக்கு இருபத்தொரு நாள். பல்லடத்தில் பஸ் ஏறுவதற்கு முன்பு கூட ஒருமுறை எண்ணிப் பார்த்துத்தான் மூடி போட்டேன்.

நான் நெளிவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ரெக்ஸின் சீட்டு சூடு. எனக்கோ மூலச் சூட்டு உடம்பு. நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து நூல் சுற்றின கோன் எண்ணினவன். ஒரு பெட்டி ஒரு கோன் குறைவாக என் கையை விட்டுப் போனதில்லை. ஒன்று கூடுதலாகவும் போனதில்லை. உட்கார்ந்த உட்காரலில் இந்தச் சூடு பிடித்துக்கொண்டது. சாயந்தரமானால் அரிப்பு. அது கிடக்கட்டும். அதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன்? பெற்ற பையனிடம் கூடச் சொன்னதில்லை.

நான் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. நாலு பேர் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டில் கூடக் கடைசிப் பந்தியில், சுவர் ஓரமாகத்தான் உட்காருவேன். ஆனால் தாராபுரம் வந்தால் நீங்கள் உங்கள் வழி, நான் மூலனூர் பஸ். இனிமேல் நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் சொல்கிறேன்.

வீட்டில் பூச்சி தம்பி. வயிற்றுப் பூச்சி. கீரிப்பூச்சி என்போமே, வெள்ளையாக, நூல் பிசிறு மாதிரி, அது.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது. பேரப்பிள்ளைகளில் சின்னவன் நித்திலனுக்கு நாலு வயது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தான். உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் துள்ளினான். அப்புறம் பெரியவள் தர்ஷினி, ரெண்டாம் வகுப்பு. ஒருநாள் காலையில் மருமகள் மேகலா கழுவிவிடும்போது கண்ணால் பார்த்துவிட்டாள்.

"மாமா, புள்ளைகளுக்குப் பூச்சி இருக்குதுங்க. டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் மருந்து வாங்கிட்டு வந்துர்றேன்" என்றாள்.

"இதுக்கெல்லாம் டவுனுக்குப் போவாங்களா? வேப்பமரம் வாசல்ல நிக்குது" என்றேன்.

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள். எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். பையன் தனபால் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் எப்போது வருவான், எப்போது போவான் என்று அவனுக்கே தெரியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்களுடைய அப்பாரு நான்தான். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவது நான், பள்ளிக்கூடத்தில் விடுவது நான், மத்தியானம் சோறு பிசைந்து ஊட்டுவதும் நான். சின்னவனுக்கு ஸ்பூனில் கொடுத்தால் இறங்காது. கையில் உருட்டி உருட்டிக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு உருண்டை சாப்பிடுவான். இருபத்து மூன்றாவதைத் துப்பிவிடுவான். அந்தக் கணக்கு அவன் அம்மாவுக்குத் தெரியாது.

சரி, வைத்தியம் என்று இறங்கினால் ஒழுங்காகச் செய்ய வேண்டுமே. ஒரு நோட்டு எடுத்தேன். இதோ பாருங்கள், சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதற்குள் பெரியவர்களுக்கும் தொற்றிவிட்டது, நாலு கட்டம் போட்டேன். தனபால், மேகலா, தர்ஷினி, நித்திலன். கீழே தேதி. மருந்து உள்ளே போனால் ஒரு கோடு. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கட்டம் கோணாமல் போடுவேன்.

முதலில் வேப்பங்கொழுந்து. காலையில் வெறும் வயிற்றில், பெரியவர்களுக்குச் சுண்டைக்காய் அளவு, பிள்ளைகளுக்கு அதில் பாதி. அம்மியில் நானே அரைத்து நானே பிடிப்பேன். பாதி என்றால் சரியாகப் பாதி. இந்தச் சுண்டுவிரல் நகம் இருக்கிறதே, இதால் நடுவில் ஒரு கீறல் போட்டால் கத்தியால் வெட்டினது மாதிரி இருக்கும். கோனில் நூல் முனை தொலைந்துபோனால் எடுப்பதற்கு வளர்த்த நகம் இது. ரிட்டையர் ஆன பிறகும் வெட்ட மனசு வரவில்லை. மில்லில் இதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். "நகத்துக்காரரைக் கூப்புடு, முனை சிக்கிருச்சு" என்பார்கள்.

ஏழு நாள் கொடுத்தேன். தர்ஷினி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிடுவாள். சின்னவன் வாசலில் என் தலை தெரிந்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவான். "வேண்டாமுங்க அப்பாரு, கசக்குதுங்க அப்பாரு" என்று அழுவான். காலைப் பிடித்து இழுத்து, மூக்கை அழுத்தி, வாய்க்குள் போட்டுவிடுவேன். மேகலா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு மட்டும் ஆசையா தம்பி? அவன் அழுதால் எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் மருந்து மருந்துதானே.

போய்விட்டது. பதினோரு நாள் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் மறுபடி வந்துவிட்டது.

சரி, தீனியால் வந்தது என்று நினைத்தேன். வாசலில் சைக்கிளில் வருகிற ஜவ்வு மிட்டாய்க்காரனை நிறுத்தினேன். பிஸ்கட்டை நிறுத்தினேன். பாகற்காய்ச் சாறு கொடுத்தேன். ஒன்பது நாள் தாங்கியது. தை மாசம் பப்பாளி விதையைக் காயவைத்துத் தூள் பண்ணி, தேனில் குழைத்து, என் விரலாலேயே நாக்கில் தடவிவிட்டேன். பன்னிரண்டு நாள். அப்புறம் குப்பைமேனிச் சாறு, பத்து நாள். நோட்டில் எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டைத் தாண்டினதே இல்லை. பூச்சி என்னுடன் கணக்குப் போட்டு விளையாடுகிறது தம்பி.

மண்ணிலிருந்து வருகிறது என்றார்கள். மண்ணில் விளையாட விடவில்லை. நகத்திலிருந்து வருகிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நாற்பது நகம், வெட்டி எண்ணி, காகிதத்தில் மடித்து எரித்தேன். வெட்டுகிறபோது தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாப்பத்தி ஒண்ணு இங்க இருக்குதுங்க அப்பாரு" என்று இந்தச் சுண்டுவிரலைக் காட்டிச் சிரிப்பாள். வாயாடி. யாரிடமிருந்து வந்த வாயோ தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை.

பங்குனியில் பள்ளிக்கூடத்து டீச்சர் மேகலாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். தர்ஷினி வகுப்பில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றிருக்கிறாள். பக்கத்துப் பிள்ளைகள் கேலி பண்ணியிருக்கிறார்கள். மேகலா அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை, நேராகத் துணை சுகாதார நிலையத்து நர்சிடம் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயந்தரம் வந்து சாப்பாட்டு மேசையில் மாத்திரையை வைத்தாள்.

"வீட்ல இருக்கற எல்லாரும் ஒரே நாள்ல போட்டுக்கோணுமாம். மென்னு முழுங்கோணும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொருக்கா, அதை அப்பறமா வந்து வாங்கிக்கோணுமாம். துணி, போர்வை எல்லாம் சுடுதண்ணியில துவைக்கோணுமாம்."

எண்ணினேன். அஞ்சு. நாலு பேருக்கு அஞ்சு மாத்திரை.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேரும் போட்டுக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று நாலு கோடு போட்டேன். சின்னவன் ஓடுவான் என்று கதவைக்கூடத் தாழ் போட்டு வைத்தேன். அவன் ஓடவில்லை. வாயில் போட்டுக் கடித்துவிட்டு, "இனிக்குதுங்க அப்பாரு" என்றான்.

"மருந்து இனிக்காது சாமி. பொய் சொல்லப் பழகக் கூடாது" என்றேன். முகம் சுண்டிப் போய்விட்டது அவனுக்கு.

மிச்சம் ஒன்று இருக்கிறதே. கவர்மெண்டு மாத்திரை, அந்தப் பெண் மேலே கணக்குக் காட்ட வேண்டாமா? பாவம், எண்ணத் தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் நடந்து போனேன். அங்கே மூன்று பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பூச்சி மாத்திரை என்று எப்படி வாயைத் திறப்பது? நர்ஸ் உள்ளே போன சமயம் பார்த்து, மாத்திரையை ஒரு சீட்டில் மடித்து, ரெஜிஸ்டருக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சீட்டில் எழுதியிருந்தேன். 'ஆள் 4, மாத்திரை 5, மீதி 1. இப்படிக்கு நாச்சிமுத்து.'

சாயந்தரமே திரும்பி வந்துவிட்டது. மேகலா அந்தச் சீட்டோடு என் முன்னால் வைத்தாள்.

"மாமா, நம்ம வீட்ல எத்தன பேருங்க?"

"நாலு பேரு."

"நீங்க இந்த வீட்ல இல்லீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா? நான் மருந்து குடுக்கறவன். என் தட்டு தனி, டம்ளர் தனி. கடையில ஒண்ணு வாங்கித் தின்னதில்ல. எனக்கு எப்படி வரும்?"

"உருண்டை புடிக்கறது யாருங்க? சோத்தைப் பெசஞ்சு ஊட்டறது யாருங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்புறம் என் சுண்டுவிரலைப் பார்த்தாள். தம்பி, நான் ஒரு நாளைக்கு ஏழு தடவை கை கழுவுகிறவன். ஏழு. குறைந்ததில்லை. கழுவின கையால்தான் அரைக்கிறேன். என் கை அசுத்தம் என்று சொல்லிவிட்டாளே என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தனபால் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று வெளியே போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், வாய் திறக்க மாட்டான். அது மட்டும் என்னிடமிருந்து போனது.

பன்னிரண்டாம் நாள் சின்னவனுக்கு மறுபடி வந்துவிட்டது. பார்த்தீர்களா, மாத்திரையும் பதினொன்றுதான். என் வேப்பங்கொழுந்தும் பதினொன்று. ரெண்டுக்கும் வித்தியாசமில்லை என்று நோட்டைக் காட்டினேன். மேகலா நோட்டைப் பார்க்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். துணிமணியை எடுத்துக்கொண்டு, ரெண்டு பிள்ளைகளோடு, மூலனூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரெண்டாவது மாத்திரையை அவர்கள் மூன்று பேரும் அங்கே போட்டுக்கொண்டார்கள். தனபால் இங்கே போட்டுக்கொண்டான்.

இன்றோடு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, இருபதைத் தாண்டிவிட்டது, முப்பதையும் தாண்டிவிட்டது. சின்னவன் அம்மாயி வீட்டில் ஸ்பூனில் சாப்பிடுகிறானாம். நான் நம்பவில்லை. மூலனூரில் உப்புத் தண்ணீர், அதில் பூச்சி தங்காது என்று நினைத்தேன்.

ஆனால் பாருங்கள், தனபாலுக்குத் திரும்ப வந்துவிட்டது. போன வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "அப்பா, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு." வீட்டில் நானும் அவனும்தான். நான்தான் சமைக்கிறேன். அவனுக்கு வந்திருக்கிறது, அங்கே பிள்ளைகளுக்கு இல்லை. அப்படியென்றால் பூச்சி எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதுவரைக்கும் கணக்கு வந்துவிட்டது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. தண்ணீர்த் தொட்டியை ரெண்டு தடவை கழுவினேன். பாயை எரித்துவிட்டுப் புதுப் பாய் வாங்கினேன். அம்மியைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். ஒன்றும் விடவில்லை. ஒன்றுமே விடவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நேற்று மேகலா தனபாலுக்குப் போன் பண்ணினாள். சத்தமாக வைத்துத்தான் பேசினான். "உங்க அப்பா அந்த மாத்திரைய முழுங்கிட்டு, நகத்தை வெட்டிட்டு, நாளைக்கு இங்க வரட்டும். நாங்க அவரோடயே வந்தர்றோம். இல்லீன்னா திங்கக்கெழமை டி.சி.யை வாங்கிட்டு வாங்க. புள்ளைக இங்கயே படிக்கட்டும்" என்றாள்.

தனபால் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனை நான் அப்படிப் பார்த்தது அவன் அம்மா போன அன்றைக்குத்தான்.

அதனால்தான் இந்த எண்பத்து நாலு உருண்டை. இந்தத் தடவை ஏழு நாள் இல்லை, இருபத்தொரு நாள். மருமகளிடம் முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறேன், அம்மா, நான் ஏழு நாளோடு நிறுத்தினதுதான் தப்பு, இருபத்தொரு நாள் கொடுத்துப் பார்ப்போம் என்று. மாத்திரையையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். இதோ, அதே சீட்டில் மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா தம்பி? ஒரு பெண்ணா? சரி, ரெண்டு உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பத்து நாலில் ரெண்டு குறைந்தால் வீட்டுக்குப் போய்ப் பிடித்துக்கொள்கிறேன். இருங்கள், மூடி இறுக்கம், நானே எடுத்துத் தருகிறேன்.

ஏன்? வேண்டாமா?

சரி. வேண்டாமென்றால் வேண்டாம். அதற்கு ஏன் கையை அப்படி இழுத்துக்கொள்கிறீர்கள்? மேகலா பார்த்த மாதிரியே நீங்களும் இந்த விரலைப் பார்க்கிறீர்கள்.

நீங்கள் யாரோ. உங்களுக்கு என் மேல் கோபமும் இல்லை, என் வீட்டுச் சண்டையில் பங்கும் இல்லை.

குண்டடம் தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். இந்த மூலச் சூடு என்று சொன்னேனே, அது எனக்கு எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்தேன். மில்லில் இருந்தபோது இல்லை. அப்போது முதுகு வலிதான். ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் வரைக்கும் ஒன்றுமில்லை. போன புரட்டாசியில்தான் வேப்பெண்ணெய் வாங்கித் தடவ ஆரம்பித்தேன். சின்னவனுக்கு வந்தது ஐப்பசி. நோட்டில் அவர்கள் நாலு பேர் தேதியும் இருக்கிறது. இது மட்டும் இல்லை. இதை எங்கே எழுதுவது, யாராவது நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டால்?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தயவுசெய்து ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இந்த மாத்திரை கணக்குக்காகத்தான். அந்த நர்ஸ் பெண் அஞ்சு என்று எழுதியிருப்பாள். அவள் கணக்கு சரியாக இருக்கட்டும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்களா? யாராவது பார்த்தால் எனக்கு எதுவும் இறங்காது. அந்தக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ம்.

பேனா இருந்தால் கொடுங்கள். அஞ்சாவதாக ஒரு கட்டம் போட வேண்டும். பஸ் குலுங்குகிறது, கோணலாகத்தான் வரும். வரட்டும். ரெண்டு வாரம் கழித்து இன்னொன்று என்றாள் இல்லையா, அந்தத் தேதியையும் எழுதிவிடுகிறேன்.

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் நகவெட்டி விற்பார்களா? மூலனூர் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கும். போதும். ஒரு நகம்தானே. இந்த பாட்டிலையும் எங்காவது கொட்டிவிட்டுப் போகிறேன். சின்னவன் இதைப் பார்த்தால் அம்மாயி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

தம்பி, நீங்கள் இப்போது திரும்பலாம். இனிக்கிறது. நாக்கில் இன்னும் இருக்கிறது பாருங்கள், ஆரஞ்சு மிட்டாய் மாதிரி. நாலு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்கிறாய் என்று சொல்லிவிட்டேன். போனதும் முதலில் அவனிடம்தான் பேச வேண்டும். அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.